‘ஸ்காலர்ஷிப்’ என்றால் எந்த ஸ்காலர்ஷிப்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடப் போகும் நம் சிங்கப்பூர் இளையர் ஒருவரின் பேட்டியைச் சென்ற வாரம் படித்தேன். பிள்ளை நன்றாக இருக்கட்டும். ‘முழு ஸ்காலர்ஷிப்’ என்று தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். எந்தப் பிரிவுக் கல்லூரி, எதற்காகத் தருகிற பணம் என்பது கட்டுரையில் எங்கும் இல்லை. அந்த ஒரு சொல்லால் எங்கள் குடும்பம் பட்டிருப்பதால் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் ஆறடி மூன்றங்குலம். உட்லண்ட்ஸில் புளோக்குக்குக் கீழே இருந்த கூடைப்பந்துத் திடலிலேயே வளர்ந்தவன். உயர்நிலைப் பள்ளி அணி, பலதுறைத் தொழிற்கல்லூரி அணி, அப்புறம் இரண்டு வருடக் கட்டாய தேசிய சேவை. 2015ல் சேவை முடியப் போகும் நேரத்தில் ஓர் ஏஜெண்ட் வந்தார். அவன் ஆடியதை வெட்டி ஒட்டி ஐந்து நிமிட வீடியோவாக்கி அமெரிக்கப் பயிற்றுவிப்பாளர்களுக்கு அனுப்ப 4,000 வெள்ளி கேட்டார். ஏப்ரலில் ‘ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது’ என்று போன். தங்கை வீட்டில் பாயசம்.

அந்த ஏப்ரலில்தான் பஞ்சாபிப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த சிம் புல்லர், சேக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காக, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆட இறங்கினார். இந்திய வம்சாவளியில் அவர்தான் முதல் ஆள். ஜூன் மாதம், என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை டல்லஸ் அணி 52வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஏஜெண்ட் வாயில் இந்த இரண்டு பெயரும் மந்திரம்போல் ஓடின. ஏழடி ஐந்தங்குலம் இருந்த புல்லரே என்பிஏவில் ஆடியது மொத்தம் மூன்று ஆட்டம், பிறகு தைவானுக்குப் போனார் என்பதும், சத்னாம் கல்லூரிப் பக்கமே போகாதவர், என்பிஏவில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்பதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கல்லூரிக் கடிதத்தை நான்தான் வாசித்தேன். வங்கியில் கடன் பத்திரம் படித்தே தலை நரைத்தவன். சின்ன எழுத்துதான் எனக்கு முதலில் கண்ணில் படும். கடிதத்தில் கூடைப்பந்து என்ற வார்த்தையே இல்லை.

விஷயம் இதுதான். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. முதல் இரண்டு பிரிவுகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவு தரக் கூடாது. மதிப்பெண்ணையும் குடும்ப வசதியையும் பார்த்துத்தான் தர முடியும். முதல் பிரிவிலேயே இருந்தும் ஹார்வர்டு போன்ற ஐவி லீக் கல்லூரிகள் ஆட்டத்துக்கென்று ஒரு காசு தருவதில்லை. மருமகனுக்குக் கிடைத்தது மூன்றாம் பிரிவு. டிப்ளோமா மதிப்பெண்ணுக்காகப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. மீதிப் பாதி ஆண்டுக்குச் சுமார் 25,000 அமெரிக்க வெள்ளி. கேட்டால், “ஸ்காலர்ஷிப் என்றுதானே சொன்னேன்” என்றார் ஏஜெண்ட். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, பாருங்கள்.

மத்திய சேம நிதிச் சேமிப்பிலிருந்து படிப்புக்கு எடுப்பதெல்லாம் உள்ளூர்க் கல்விக்குத்தான். வேண்டாம் என்று நான் சொன்னேன். “போகாமலே விட்டால் கீழே அந்தத் திடல் பக்கம் என்னால் நடக்க முடியாது மாமா” என்றான். தங்கை கணவர் ஐந்தறை வீட்டை விற்று நான்கறைக்கு மாறினார்.

அங்கே 18 வயதுப் பையன்களுக்கு நடுவில் இவனுக்கு 22. தாத்தா என்று கிண்டல். இங்கே கூடைக்கு அடியில் நிற்கும் சென்டர்; அங்கே பந்தைத் தட்டிக்கொண்டு வரும் கார்டுகளே இவன் உயரம். தூரத்திலிருந்து எறிய முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்சில். இரண்டாம் வருடம் முழங்கால் தசைநார் அறுந்து ஒரு பருவம் முழுதும் போயிற்று. விளையாட்டு உதவித்தொகை பல இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பது. ஆட முடியாதவன் பயிற்றுவிப்பாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவன் பணமோ மதிப்பெண்ணோடு கட்டியது, மதிப்பெண் குறையவில்லை, பணமும் நிற்கவில்லை. எங்களைக் குப்புறத் தள்ளிய சொல்லே அந்த வருடம் அவனைத் தாங்கிப் பிடித்தது.

2019 பிப்ரவரியில் கடைசி ஆட்டம். அங்கே சனி இரவு ஏழு மணி, இங்கே ஞாயிறு காலை எட்டு. தொலைக்காட்சியில் இணையம் வழியாக ஓடவிட்டுக் குடும்பமே உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் தொடங்கும் முன் இறுதியாண்டு மாணவர்களைப் பெற்றோரோடு திடலின் நடுவில் நிறுத்தி மரியாதை செய்வார்கள். இவனுக்குப் பக்கத்தில் பயிற்றுவிப்பாளரின் மனைவி நின்றார். தங்கை இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவன் எடுத்தது 11 புள்ளி, தோற்றுப்போனார்கள். மே மாதம் கணக்கியலில் பட்டம். கல்லூரி ஆட்டக்காரனாக அவன் வாழ்க்கை அவ்வளவுதான்.

என்பிஏ ஆண்டுத் தேர்வில் அதிகபட்சம் 60 பேரைத்தான் எடுக்கிறது, அதிலும் சிலர் ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள். முதல் பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட கல்லூரிகள். அணிக்குப் பதின்மூன்று, பதினைந்து பேர் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். 2009ல் டேவிட்சன் கல்லூரியை மூன்றாம் ஆண்டோடு விட்டுப்போன ஸ்டீஃபன் கர்ரியே விட்ட படிப்பை 2022ல் முடித்துப் பட்டம் வாங்கினார்.

உங்கள் பேட்டியில் விளம்பர வருமானம் பற்றியும் இருந்தது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்பது சரி. ஆனால் வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர் அங்கே வேலை செய்ய ஏகப்பட்ட கட்டுப்பாடு. கெண்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கர் ஷீப்வே, 2022ல் அணி பஹாமாஸுக்குப் போனபோதுதான் அந்த வேலைகளைச் செய்து காசு பார்த்தார். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கும் அதே விசாதான்.

பேட்டியில் வந்த பிள்ளையின் பெற்றோரிடம் இந்தக் கடிதத்தைச் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டும் முன் கல்லூரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வரட்டும். மருமகன் இப்போது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறான். சனிக்கிழமை காலையில் சமூக மன்றத் திடலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறான். வரிக்கு வரி படித்துச் சொல்வான். 4,000 வெள்ளியெல்லாம் கேட்க மாட்டான்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
ஈசூன்