கொலைகாரனோடு குடித்தனம் நடத்த உதவியவர்களுக்கு நன்றி

வணக்கம்.

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. கொலை செய்தவனே ‘நான்’ என்று கதை சொல்லும் புத்தகம் என்றதும் பலர் முகம் சுளித்தார்கள். சுளிக்காமல் உட்கார்ந்து பேசியவர்களுக்கு இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். புத்தகத்தின் ராசி அப்படி!

முதல் நன்றி தடயவியல் மருத்துவருக்கு. என் ஆள் இரவில் கொன்றுவிட்டுப் போய், மறுநாள் மதியம் திரும்பி வந்து உடலைக் குப்புறப் போடுகிறான். “போடட்டும், முதுகில் படிந்த நிறம் புரளாதே” என்றார் அவர். இதயம் நின்றதும் ரத்தம் உடலின் அடிப்பக்கமாக இறங்கித் தேங்கும். ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்தில் அந்த நிறம் அங்கேயே நிலைத்துவிடும். முழுதாக விறைத்த கையை வலுக்கட்டாயமாக மடக்கினால் அது மறுபடி விறைக்காது. இது எதுவும் தெரியாமல் அவன் தன் சாமர்த்தியத்தை அளந்துகொண்டே போகிறான். மாட்டிக்கொண்டான் என்பது வாசகருக்குப் புரிகிறது, அவனுக்குப் புரியவில்லை. கொலைகாரன் வாயால் கதை சொல்ல வைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மனநல மருத்துவர் பிடிவாதக்காரர். ‘சைக்கோ’ என்று வந்த இடங்களையெல்லாம் அடித்தார். இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத ‘சைக்கோபதி’ குணத்தை மதிப்பிட உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய 20 அம்சப் பட்டியலை வைத்து என் ஆளுக்கு நானே மதிப்பெண் போடக் கிளம்பியபோது, அது பயிற்சி பெற்றவர்கள் கையில் இருக்க வேண்டியது என்று வாங்கி வைத்துக்கொண்டார். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதுகூட இல்லை. ஆகவே இவனுக்கு நோய் எதுவும் கிடையாது. செய்ததற்கெல்லாம் நியாயம் கற்பிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

போலீஸ் என்ன யோசிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும் பக்கங்களை எடிட்டர் வெட்டித் தள்ளினார். அதில் சில நல்ல வரிகளும் போயின. வருத்தம்தான்.

கைப்பிரதியை முதலில் படித்த தோழி கேட்டது ஒன்றே ஒன்று: “செத்தவளைப் பத்தி இவன் சொல்றதை மட்டும்தானே கேக்குறேன், அவ எங்கே?” அதற்காகவே பாதி நாவலைத் திரும்ப எழுதினேன். இப்போது அவன், “அவள் எப்போதும் கத்துவாள்” என்கிறான். ஆனால் அவன் நினைவில் வரும் எந்தக் காட்சியிலும் அவள் குரலை உயர்த்துவதில்லை.

எழுதிய காலத்தில் என்னிடம் பேச்சுக் கொடுக்கவே தயங்கிய வீட்டாருக்கும் நன்றி.

பிரதிகள் வந்ததும் எல்லோருக்கும் அனுப்புகிறேன். பதினோராம் அத்தியாயத்தைச் சாப்பிடும்போது படிக்க வேண்டாம். மருத்துவர் மட்டும் படிக்கலாம்.