குளோரினேட்டர மாத்துறதுக்கு முன்னாடி டேங்க்க பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

குடிநீர் சுத்திகரிப்பு பிளாண்ட்ல குளோரின் கேஸ நிறுத்திட்டு ஹைப்போவுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட்ங்கற குளோரின் திரவம்) மாறுறது பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். கேஸோட ஆபத்து பத்தி எழுதினதெல்லாம் சரிதான், காத்த விட ரெண்டரை மடங்கு கனமானது அது, லீக் ஆனா மேல போகாம தரையோட தரையா பரவும், ஒரு டன் சிலிண்டர்ல வால்வு போச்சுன்னா பிளாண்ட் ஆளுங்க மட்டுமில்ல, சுத்தி குடியிருக்கறவங்களும் ஓடணும். ஆனா ஹைப்போ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்ங்கற மாதிரி முடிச்சிருந்தாங்களே, அதான் எனக்கு ஒத்துக்கல.

லோடுல வர்ற ஹைப்போ 12 சதவீதத்துக்கு பக்கத்துல இருக்கும். அது அப்படியே இருக்காது, சூட்டுலயும் வெளிச்சத்துலயும் நாளுக்கு நாள் வீரியம் இறங்கிட்டே போகும், இறங்க இறங்க குளோரேட்ங்கற வேண்டாத உப்பு வேற சேரும். ஆபரேட்டர் பழைய செட்டிங்லயே டோசிங் பம்ப (மருந்த அளந்து தண்ணில விடுற பம்ப்) ஓட்டிட்டு இருந்தா தண்ணிக்கு போற குளோரின் கம்மியாயிடும், யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு, ஹைப்போ தானாவே கேஸ் விடும், அந்த குமிழி பம்ப் தலைல மாட்டிக்கிச்சுன்னா பம்ப் டக் டக்னு ஓடிட்டே இருக்கும் ஆனா ஒரு சொட்டு ஹைப்போ கூட போகாது. ரெண்டு வால்வ மூடி நடுவுல மாட்டிக்கிட்ட ஹைப்போ பைப்பையே வெடிக்க வைக்கும், அந்த கேஸ் வெளியேறுறதுக்குன்னே ஓட்டை போட்ட உருண்டை வால்வு (ball valve) இருக்கு, அத வாங்கணும். எல்லாத்தையும் விட மோசம், லாரிக்காரர், கலங்கல் தெளிய போடுற படிகார டேங்க் லைன்ல ஹைப்போவ இறக்கிட்டா எந்த கேஸுக்கு பயந்து மாறினோமோ அதே குளோரின் கேஸ் அங்கயே கிளம்பும். ரெண்டு லைனுக்கும் வேற வேற கப்ளிங் போடுறதுக்கு என்ன பெரிய செலவாகிடப் போகுது?

உப்பையும் கரண்டையும் வச்சு பிளாண்ட்லயே ஹைப்போ தயாரிக்கிற மெஷின் இதவிட தேவலை, ஒரு சதவீதத்துக்கும் கம்மியான வீரியம்தான், அதனால கெடுறதும் கம்மி, ஆபத்தும் கம்மி. ஆனா ஹைட்ரஜன் வரும், அத ரூமுக்குள்ள விடாம வெளிய கொண்டு போகணும், கரண்ட் போனா சமாளிக்க ஸ்டாக் டேங்க்கும் வேணும்.

சரி, இதெல்லாம் மருந்து பத்தி. அப்கிரேட்னாலே எல்லாரும் மருந்தையும் மெஷினையும் பத்தி மட்டும் பேசறாங்க, மருந்து தண்ணியோட எவ்வளவு நேரம் இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்றது தண்ணியோட pH (அமில-கார அளவு) 8க்கு கீழ இருக்கணும், குறைஞ்சது 30 நிமிஷம் கழிச்சு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும்னு. குளோரின் கலந்த தண்ணி நிக்கிற டேங்க்ல தடுப்புச் சுவரே இல்லன்னாலும் ஒரு மணி நேரம் தண்ணி நிக்கும்னு பேப்பர்ல கணக்கு போடலாம், நிஜத்துல ஒரு பக்கம் நுழைஞ்ச தண்ணில கொஞ்சம் நேரா மறுபக்கம் ஓடிடும், அதுக்காகவே அந்த மாதிரி டேங்க்குக்கு பத்துல ஒரு பங்கு நேரத்ததான், அதாவது ஆறு நிமிஷத்ததான், கணக்குல எடுத்துப்பாங்க. உள்ள நாலு சுவர் கட்டினா புது குளோரினேட்டர் (குளோரின் போடுற மெஷின்) தராத பலன் கிடைக்கும். pH ஏறிடுச்சுன்னாலும் அதே கதைதான், எட்டு தாண்டினா கிருமிய வேகமா கொல்ற ஹைப்போகுளோரஸ் ஆசிட்டோட பங்கு ரொம்ப கொறஞ்சிடும்.

அப்புறம் ஆன்லைன் அனலைசர், அதாவது லைன்லயே இருந்து தண்ணிய விடாம டெஸ்ட் பண்ற மீட்டர். கனடாவுல வாக்கர்டன்ங்கற ஊர்ல 2000ல கிணத்து தண்ணில ஈகோலைங்கற பாக்டீரியா கலந்து 7 பேர் செத்தாங்க, ரெண்டாயிரம் பேருக்கு மேல நோய்வாய்ப்பட்டாங்க. அங்க குளோரின் போடுற வசதி இருந்துச்சு, ஆனா பத்தாம போட்டாங்க, ரிஜிஸ்டர்ல டெஸ்ட் பண்ணாமலே நம்பர் எழுதினாங்க. தொடர்ந்து குளோரின் அளவையும் கலங்கலையும் பாத்து அலாரம் அடிக்கிற மீட்டர் இருந்திருந்தா தடுத்திருக்கலாம்னு விசாரணை அறிக்கைலயே இருக்கு.

கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி குளோரினுக்கு அசையாத கிருமிக்கு யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கு வைக்கலாம், ஆனா குளோரின் மாதிரி யூவி பைப்லைன்ல போற தண்ணில கிருமிய தடுக்க எதையும் மிச்சம் வைக்காது, அதனால குளோரின விட முடியாது.

அடுத்த தடவ உங்க நிருபர் ஒரு பிளாண்ட் அப்கிரேட் பத்தி எழுத போறப்ப மெஷின் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடாம, டேங்க்குக்குள்ள தடுப்புச் சுவர் இருக்கா, அனலைசர கடைசியா எப்ப காலிபரேட் பண்ணாங்க, ராத்திரி ஷிப்ட்ல அலாரம் அடிச்சா போன் யாருக்கு போகும்னு கேட்டுட்டு வர சொல்லுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு பிளாண்ட் ஆபரேட்டர் ஒருத்தர்