உனக்கும் சேர்த்து நாங்க ஜெபம் பண்ணுதோம், பிள்ளே

கர்த்தருக்குள் அன்பான என் தங்கத்துக்கு அம்மா எழுதுதேன். உன் பிள்ளை போனதுல இருந்து போன்ல பேசுனா பாதியிலேயே ரெண்டு பேரும் அழுதுருதோம், அதான் உக்காந்து டைப் பண்ணி அனுப்புதேன், நீளமா போகும், ஒரே மூச்சுல படிக்கணும்னு இல்ல, முடியுறப்ப படி, இல்லன்னா மாப்பிள்ளைய படிச்சுக் காட்டச் சொல்லு.

முதல்ல அந்த ஜெபக்குழு அம்மா சொன்னது. உங்க ரெண்டு பேருக்கும் விசுவாசம் முழுசா இருந்திருந்தா பிள்ளை தங்கியிருக்கும்னு வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாங்கன்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. பெத்த வயிறு ஆறாம கிடக்குற பிள்ளைகிட்ட வந்து பேசுற பேச்சா அது? பிறவிக்குருடன பாத்து சீஷர்மாரும் இதையேதான் கேட்டாங்க, யார் பாவம் பண்ணுனதால இவன் இப்படி பொறந்தான், இவனா இவனப் பெத்தவங்களான்னு, அதுக்கு ஆண்டவர் இவனும் இல்ல இவனப் பெத்தவங்களும் இல்லன்னு நேராவே சொல்லிட்டாரு, யோவான் 9ல இருக்கு. ஆண்டவரே போடாத பழிய உன் மேல போட இங்க ஒருத்தருக்கும் உரிமை கிடையாது. நீ மாடிப்படி ஏறுனதால இல்ல, ஆபீஸுக்குப் போனதால இல்ல, உபவாசம் இருக்காததால இல்ல. டாக்டரே எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துட்டு காரணம் தெரியலன்னு சொன்ன பிறகு, உனக்குள்ள நீயே காரணம் தேடித் தேடி சாகாத பிள்ளே.

உனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான்னு உனக்குத் தெரியும், ஆனா நானா உக்காந்து அதப்பத்தி உன்கிட்ட பேசுனது இல்ல, வீட்ல யாரும் பேசுறதும் இல்ல. இப்ப சொல்லுதேன். மாசம் நிறையுறதுக்கு முன்னாலேயே பொறந்துட்டான், ஒரு ராத்திரி இருந்தான், விடியுறதுக்குள்ள போயிட்டான். நான் தூக்கவே இல்ல, கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்ததோட சரி. அப்பாவும் தாத்தாவும் நம்ம கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு கொண்டு போயிட்டாங்க, நான் ஆஸ்பத்திரி கட்டில்ல கிடந்தேன். பிள்ளை இல்லங்கறது ஒடம்புக்குத் தெரியாதுல்ல, மூணாம் நாள் பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் கல்லு மாதிரி ஆயிருச்சு, ஆச்சிதான் மல்லிப்பூவ உதிரியா வாங்கிட்டு வந்து துணில பரத்தி நெஞ்சுல வச்சுக் கட்டிவிட்டா, பால் வத்துறதுக்கு அப்ப அதான் செய்வாங்க, பூ வாட வாட புதுசு மாத்திக்கிட்டே இருப்பா. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு நான் தலையில மல்லிப்பூ வைக்கல. ஏன்னு யாருக்கும் சொன்னதில்ல. உனக்கும் பால் கட்டி காய்ச்சல் வந்துச்சுன்னு நீ சொன்னப்ப எனக்கு அந்த வாசனை அப்படியே மூக்குல ஏறுச்சு.

ஜெபம் பண்ண வாய் வரல, பைபிளத் திறந்தா கோவம்தான் வருதுன்னு சொன்னியே, அதச் சொல்லிட்டு அம்மா நான் இப்படி பேசலாமான்னு வேற பயந்த. பேசலாம் பிள்ளே. சங்கீதம் 88 எடுத்துப் பாரு. மத்த சங்கீதம் பெரும்பாலும் அழுகையில ஆரம்பிச்சாலும் முடியும்போது துதியில வந்து நிக்கும், இது நிக்காது, 18 வசனமும் இருட்டுதான், கடைசி வசனத்துல கூட சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமா விலக்கிட்டீர்னு சொல்லி அப்படியே முடிஞ்சுரும், ஒரு ஸ்தோத்திரம் கிடையாது. அதையும் வேதத்துல வச்சிருக்காங்க, யாரும் அதுக்கு ஒரு நல்ல முடிவு எழுதி ஒட்டல. ஆனா அத எழுதுனவன் ஆரம்பிக்கும்போது மட்டும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்பிட்டுட்டுதான் சண்ட போடுதான். நீயும் சண்ட போடு, அவர்கிட்டயே போடு, அவரு கேப்பாரு. லாசரு செத்தப்ப, அவன எழுப்பப் போறோம்னு தெரிஞ்சிருந்தும் மரியாள் அழுததப் பாத்து அவரும் அழுதாருல்ல, அழாதேன்னு வசனம் சொல்லிக்கிட்டு நிக்கலையே.

எனக்கும் அப்ப ஜெபம் வரல. கோயிலுக்குப் போவேன், கடைசி பெஞ்சுல உக்காருவேன், எல்லாரும் எந்திரிச்சுப் பாடுவாங்க, நான் பாட்டுப் புஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு சும்மா நிப்பேன், தொண்டைக்கு மேல சத்தம் வராது. அப்ப எனக்கு உதவுனது மாற்கு 2 தான். திமிர்வாதக்காரன நாலு பேர் சுமந்துக்கிட்டு வாராங்கல்ல, கூட்டத்துல நுழைய முடியாம கூரையப் பிரிச்சு கட்டிலோட கீழ இறக்குதாங்க. அங்க என்ன எழுதியிருக்குன்னா "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு"ன்னு எழுதியிருக்கு. அவங்க விசுவாசம். படுத்துக் கிடந்தவனுக்கு விசுவாசம் இருந்துச்சா, எவ்வளவு இருந்துச்சுன்னு அங்க ஒரு வார்த்தை கிடையாது, அவன் வாயத் திறந்து ஒண்ணும் கேக்கவும் இல்ல. தூக்கிட்டு வந்தவங்க நம்புனாங்க, அதப் பாத்துட்டு ஆண்டவர் அவன மகனேன்னு கூப்பிட்டாரு. நீ இப்ப அந்தக் கட்டில்ல கிடக்கிற பிள்ளே. அப்பா ஒரு பக்கம் தூக்குதாங்க, நான் ஒரு பக்கம், மாப்பிள்ளையோட அம்மா ஒரு பக்கம், இங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துல வெள்ளிக்கிழமை கூடுற எல்லாரும் ஒரு பக்கம். உன்னால ஜெபிக்க முடியலன்னா ஜெபிக்க வேண்டாம், அது எங்க வேலை. விசுவாசம் குறைவுன்னு உன்ன சொன்ன அந்த அம்மா அந்த அதிகாரத்த ஒரு தடவ நிதானமா வாசிச்சிருந்தா கட்டிலுக்குத் தோள் குடுக்க வந்திருப்பாங்க.

அப்ப எனக்குத் தோள் குடுத்தது நம்ம ஊர் உபதேசியார் அம்மா. தினமும் சாயங்காலம் தூக்குவாளில கஞ்சி, மேல மூடியில காணத் துவையல், கொண்டு வந்து வச்சுட்டு பக்கத்துல உக்காந்திருப்பாங்க. வசனம் சொல்ல மாட்டாங்க, அடுத்த பிள்ளை சீக்கிரம் பொறக்கும்னும் சொல்ல மாட்டாங்க, ஊர்ல மத்த எல்லாரும் அதத்தான் சொன்னாங்க, எனக்குப் போனவன்தான வேணும். குடிச்சு முடிச்ச பிறகு பாத்திரத்த கழுவிக்கிட்டுப் போயிருவாங்க. எலியா சூரைச்செடிக்குக் கீழ போதும் கர்த்தாவே என் உயிர எடுத்துக்கோன்னு படுத்தப்ப, கர்த்தர் அனுப்புன தூதன் அவர திட்டல, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் வச்சு எந்திரிச்சு சாப்பிடுன்னுதான் சொன்னான், சாப்பிட்டு திரும்பப் படுத்துட்டாரு, மறுபடியும் தட்டி எழுப்பி சாப்பிடச் சொன்னான். அதனால நீ ரெண்டு வேளை ஒழுங்கா சாப்பிட்டு தூங்குனா போதும், இப்போதைக்கு அதுவே பெரிய காரியம். அப்புறம் ஆஸ்பத்திரில கவுன்சிலர பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாங்களே, போனியா? போ. மாத்திரை குடுத்தா போடு. மாத்திரை போட்டா விசுவாசம் இல்லன்னு யாராவது சொன்னா, சுவிசேஷம் எழுதுன லூக்காவே வைத்தியருதான்னு சொல்லு.

டோனாவூருக்கு உன்ன சின்னப்பிள்ளையில கூட்டிட்டுப் போனது ஞாபகம் இருக்கா, மலையடிவாரத்துல, ஒரே மரமா இருக்கும். ஏமி கார்மைக்கேல் அம்மா அயர்லாந்துல இருந்து 1895ல இந்தியாவுக்கு மிஷனெரியா வந்தவங்க, அந்த டோனாவூர்ல, இந்துக் கோயிலுக்குப் பொட்டு கட்டி விடப்போற பிள்ளைகளயும் கைவிட்ட பிள்ளைகளயும் எடுத்து வளத்து, கடைசி வரைக்கும் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்ல. 1931ல நம்ம களக்காட்டுல ஒரு வீட்டப் பாக்கப் போன இடத்துல, இருட்டுற நேரத்துல, கக்கூஸுக்குத் தோண்டிப் போட்டிருந்த குழில விழுந்து கால் ஒடஞ்சு போச்சு. சரியாயிரும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க, அத்தன பிள்ளைங்க ஜெபம் பண்ணுச்சுங்க, அந்தப் பிள்ளைங்க ஜெபத்துல விசுவாசம் இல்லன்னு யாராவது சொல்ல முடியுமா? ஆனா அவங்க பழையபடி நடமாடவே இல்ல, 1951ல சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் பெரும்பாலும் அந்த ஒரு ரூமுக்குள்ளேயேதான், வலியோடதான். நல்லா இருக்கிறவங்க நோயாளிகளுக்கு எழுதி அனுப்புற ஆறுதல் எல்லாம் தனக்கு ஒட்டலன்னு சொல்லி, நோயாளியா இருந்துக்கிட்டே நோயாளிகளுக்கு அவங்க எழுதுனாங்க. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். கட்டில்ல இருந்தே பிள்ளைகளுக்கு லெட்டர், புஸ்தகம்னு எழுதிக்கிட்டே இருந்தாங்க. கல்லறையில பேரு பொறிச்ச கல்லு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, பிள்ளைங்க பறவை தண்ணி குடிக்கிற தொட்டி ஒண்ண வச்சு அம்மான்னு மட்டும் எழுதுனாங்க. நீ அதுல கைய விட்டு விளையாடுன, நான் அதட்டுனேன்.

அவங்களுக்கு கால் சரியாகல, எனக்கு என் மகன் திரும்பி வரல, ஆனாலும் கர்த்தர் என்ன சுகமாக்குனாருன்னு நான் கோயில்ல எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லுவேன். அது ஒரே நாள்ல நடக்கல. ஒரு ஈஸ்டர் அன்னிக்கு விடியக்காலம் நம்ம ஊர் வழக்கப்படி எல்லாரும் மெழுகுவர்த்தியோட கல்லறைத் தோட்டத்துக்குப் போனாங்க, அதுவரைக்கும் நான் அங்க போனதே இல்ல, அன்னிக்கு அப்பா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தச் சின்ன மண்மேட்டுப் பக்கத்துல நிக்கும்போது நம்ம சபை ஐயர் கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்னு சத்தமா சொன்னாரு, எல்லாரும் மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்னு சொன்னாங்க, எனக்கும் வாய் வந்துச்சு, அழுதுக்கிட்டேதான் சொன்னேன் ஆனா சொன்னேன். கல்லறையில நின்னு சொல்லும்போதுதான் அந்த வார்த்தையோட கனம் எனக்குத் தெரிஞ்சது. என் பிள்ளை அவர்கிட்ட இருக்கான், நான் அவனத் தூக்கத்தான் போறேன், இங்க இல்லன்னா அங்க. இது நான் மனச தேத்திக்கிறதுக்குச் சொல்ற வார்த்தை இல்ல, இத நம்பித்தான் நான் இத்தன வருஷமா எந்திரிச்சு சோறு பொங்கியிருக்கேன். உன் மகளும் அங்கதான் இருக்கா.

கிறிஸ்மஸுக்கு கோயிலுக்குப் போகப் பயமா இருக்குன்னு சொன்ன, எல்லாரும் கைப்பிள்ளையோட வருவாங்க, பாலன் பிறந்தார்னு பாடுவாங்க, எப்படி நிப்பேன்னு கேட்ட. போகணும்னு கட்டாயம் இல்ல. கேரல் ரவுண்ட்ஸ் வந்தா மாப்பிள்ளைய வெளிய வந்து பேசி அனுப்பச் சொல்லு, நீ ரூம்லயே இரு. ஆனா ஒண்ணு, அந்தக் கிறிஸ்மஸ் கதையிலயே, மத்தேயு 2ல, ஏரோது பிள்ளைகள வெட்டுன பிறகு ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் அடையாம இருக்கான்னு எழுதியிருக்கு. ஸ்டார் கட்டி கேக் வெட்டுற பண்டிகையில நாம அத வாசிக்கிறதே இல்ல, வாசிக்கணும்னு நான் நினைக்கேன், உன்ன மாதிரி பின்னால உக்காந்திருக்கிற தாய்மார்களுக்காவது. அதனால அந்தப் பண்டிகை உனக்கும் உள்ளதுதான், நீ போனாலும் போகாட்டியும்.

உன் அண்ணன் பேரு சாமுவேல். நம்ம பெரிய பைபிள் முதல் பக்கத்துல உன் பேருக்கு மேல அப்பா நீல மையில எழுதி பொறந்த தேதியும் போன தேதியும் போட்டிருக்காங்க, ரெண்டும் அடுத்தடுத்த நாள். நீ சின்ன வயசுல அதப் பாத்து யாருன்னு கேட்டிருக்க. உன் மகளுக்கும் நீங்க ஒரு பேரு நினைச்சு வச்சிருப்பீங்கல்ல, ஆஸ்பத்திரி பேப்பர்ல பேபி ஆஃப்னு மட்டும் போட்டிருந்தத நான் பாத்தேன். உனக்குச் சொல்லணும்னு எப்ப தோணுதோ அப்ப சொல்லு, உன் பேருக்குக் கீழ இடம் இருக்கு, அப்பாவே எழுதுவாங்க. அப்பா ஒண்ணும் பேசுறது இல்லன்னு நினைக்காத, காலையில நாலு மணிக்கே எந்திரிச்சு முழங்கால் போட்டிருக்காங்க, உன் பேரச் சொல்லுறது அடுப்படி வரைக்கும் கேக்குது.

மாப்பிள்ளையும் அழட்டும், ஆம்பளைன்னு அடக்கி வச்சிருப்பாங்க, அவுங்க பெத்த பிள்ளைதான அதுவும், ராத்திரி ரெண்டு பேருமா உக்காந்து அவளப்பத்தி பேசுங்க.

நான் செவ்வாய்க்கிழமை பெங்களூர் ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு, வெயிட்டிங் லிஸ்ட்தான், கன்ஃபார்ம் ஆயிரும்னு அப்பா சொல்லுதாங்க, ஆகலன்னா நெல்லையில இருந்து பஸ் ஏறிருவேன். வந்தா ஒரு மாசம் இருப்பேன், சீக்கிரம் போன்னு சொல்லக் கூடாது. காணம் வறுத்து எடுத்துட்டு வாரேன், துவையலுக்கு தேங்கா மட்டும் அங்க வாங்கி வைங்க, காலையில மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், லீவு எல்லாம் போட வேண்டாம், நான் ஆட்டோ பிடிச்சு வந்துருவேன்.

உன் அம்மா