தலையில்லா வண்டிக்கு உதவிய அனைவருக்கும்

வணக்கம்.

தாத்தா வரைந்த பென்சில் படம் கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்னால் பாதிப் பேர் விட்டுப்போகும். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி அத்தைக்கு. வீடு வெள்ளையடித்தபோது பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தோம். "அப்பாவோட பட்டாளத்துப் பெட்டிடா" என்று நீங்கள் வாசலில் மறித்து நிற்காவிட்டால் படம் போயிருக்கும். ஏதோ ஒரு படிவத்தின் பின்பக்கம், உள்ளங்கை இரண்டு அளவு. செங்குத்தான பாறை; இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடி துளை போடும் ஒரு ஆள்; மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் இன்னொரு ஆள்; கீழே, கூடாரங்களுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் மூடிய ஒரு வண்டி. 'தலையில்லா வண்டி, ஜோஜிலா அடிவாரம், 1948' என்று தாத்தா கையெழுத்து.

அந்த வண்டியை நாங்கள் டிராக்டர் என்றோம். சித்தப்பா புல்டோசர் என்றார். விடை சொன்னது பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா. தாத்தாவைப் போல அவரும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்; பாதை, பாலம் போடும் ராணுவப் பொறியாளர் படை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டாங்கி தம்பி. தலையைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்."

ஐயா, அன்று மாலை முழுக்க நீங்கள் சொன்னதை இங்கே சுருக்கித்தான் எழுத முடிகிறது. 1948 காஷ்மீர்ப் போரில், லடாக்குக்குப் போகும் வழியை எதிரி, அதாவது பாகிஸ்தான் தரப்பு, ஜோஜிலா கணவாயில் அடைத்திருந்தான். கணவாயின் உயரம் சுமார் 11,500 அடி. செப்டம்பரில் காலாட்படை ஏறிப் பார்த்து முடியவில்லை. பனிக்காலம் வந்துவிட்டால் கணவாய் மூடிவிடும், லடாக்கின் லே நகரம் தனியாக மாட்டிக்கொள்ளும். டாங்கியை ஏற்றிவிடலாம் என்று ஜெனரல் திம்மையா முடிவெடுத்தார். ஜம்முவிலிருந்து 7-வது குதிரைப்படையின் ஸ்டுவர்ட் டாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 டன், பீரங்கிக் கூண்டு (அதுதான் தலை) தனி, உடல் தனியாக ஸ்ரீநகர் வழியே வந்தன. வழிப் பாலங்கள் தாங்க வேண்டும், ஒற்றர் கண்ணிலும் படக்கூடாது. சரி, வந்து சேர்ந்த டாங்கி மேலே ஏறப் பாதை? கணவாய் அடிவாரத்துப் பால்தாலிலிருந்து மேலே போனது கோவேறு கழுதைத் தடம்தான். அதை வெடி வைத்தும் கடப்பாரை போட்டும் டாங்கி போகிற அளவுக்கு அகலமாக்கியது நம் சாப்பர்கள். நவம்பர் 1-ஆம் தேதி, பனி விழுந்துகொண்டிருக்கும்போதே டாங்கிகள் கணவாயைத் தாண்டின. அந்த மாதம் முடிவதற்குள் கார்கிலும் கைக்கு வந்து, லே வழி திறந்தது.

தாத்தா இதில் ஒரு வார்த்தைகூட வீட்டில் சொன்னதில்லை. கேட்டால் "குளிரு" என்பார், அவ்வளவுதான்.

அப்புறம், சென்னையில் பழைய தாள்களைச் சீர்செய்யும் அந்தத் தங்கைக்கு. படம் நைந்துவிடுமே என்று பயந்து ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன்; அவர்கள் கிழிசல் மேல் செல்லோடேப் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். என் அவசரமும் ஒரு காரணம். நீங்கள் திட்டவில்லை. மூன்று வாரம் வைத்திருந்து, பென்சில் கோடு ஒன்றுகூடக் கலையாமல் டேப்பை எடுத்துக் கொடுத்தீர்கள். பசை போனதும் தொங்கும் ஆளின் காலடியில் மங்கலாக 'நான்' என்று இருப்பது தெரிந்தது. நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள்.

ஜோஜிலாவைப் பார்க்க என்னைக் கூட்டிப்போன சோனாமார்க் டிரைவர் அண்ணனுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். லாரிகள் ஹாரன் அடித்துத் தள்ளும் அந்த வளைவில் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்தி, படத்தின் நகலைப் பாறையோடு ஒப்பிட்டுப் பார்க்க விட்டீர்கள். எந்தப் பாறை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே எட்டிப் பார்த்ததும் எனக்குக் கால் நடுங்கியது. பேசாமல் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

கடைசி நன்றி, மேலே கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு. தாத்தா அவருக்கு மீசை போட்டிருக்கிறார், பெயர் போடவில்லை. அந்த வருடம் ஜோஜிலாவில் இருந்த சாப்பர் யாராவது உங்கள் வீட்டில் உண்டா? படத்தின் நகல் ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.