தேர் போகும் தெருவில் குப்பை லோரி போவதில்லை: மாவட்ட மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர்களின் வணக்கம்.

உட்சாலைகளில் வழியை அடைத்து வண்டிகள் நிறுத்தப்படுவது குறித்து நாங்கள் எழுதிக் கொடுத்த புகார்களுக்கெல்லாம், அக்கம்பக்கத்தாரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதே உங்கள் அலுவலக முகப்பில் கிடைக்கும் பதிலாக இருக்கிறது. இது அக்கம்பக்கத்துச் சண்டையன்று. சட்டம் மன்றத்தின் கையில் கொடுத்திருக்கும் வேலை. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு இல்லாமலே போய்விட்டதால், வாக்குச்சீட்டைக் கொண்டு உங்களைக் கேட்கும் வழி எங்களுக்கு இல்லை. ஆகவேதான் ஊரறிய எழுதுகிறோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் குடிவந்த மலிவு விலை வரிசை வீடுகள் இவை. வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் இருந்தாலே பெரிது என்ற கணக்கில் போடப்பட்ட சாலைகள். உள்நாட்டுக் கார்களான புரோட்டோன் சாகா 1985இலும் பெரோடுவா கஞ்சில் 1994இலும் சந்தைக்கு வந்தன. தோட்ட வேலை போய், தொழிற்சாலைக்கும் பட்டணத்துக்கும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பிள்ளைகளுக்கு, நேரத்துக்குப் பேருந்து வராத இவ்வூரில் கார் ஓர் ஆடம்பரமாக இருக்கவில்லை. ஒரு கார் மட்டுமே நிற்கக்கூடிய வாசலில் மூன்று கார் சேர்ந்தால் இரண்டு தெருவுக்குத்தான் வரும். கார் வைத்திருப்பவர்கள்மீது எங்களுக்கு வருத்தமில்லை, நாங்களும் அவர்களே.

எங்கள் புகார் வேறு. முச்சந்தி வளைவிலும் தீயணைப்பு நீர்க்குழாயின் முன்பும் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். சாலை வரி முடிந்து, டயரில் காற்றிறங்கி, அடியில் புல் முளைத்த கார்கள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. இவற்றோடு இரவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளும் வந்து சேர்கின்றன. அறுத்த குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கிவிடும் என்பதும், விடியுமுன் புறப்பட வேண்டிய ஓட்டுநர் அதற்காகவே லோரியை வீட்டருகில் நிறுத்துகிறார் என்பதும் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குத் தெரியும். ஆனால் இருபுறமும் கார்கள் நிற்கும் சாலையின் முனையில் ஒரு லோரி நின்றுவிட்டால், அவசர எண் 999ஐ அழைத்தால் வரும் ஆம்புலன்சோ தீயணைப்பு வண்டியோ உள்ளே நுழைய முடியாது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செல்லும் பெரியவர்களை, நிலையத்து வேன் உள்ளே வர வழியில்லாததால், இருட்டோடு எழுப்பிச் சக்கர நாற்காலியில் வைத்து முச்சந்திவரை தள்ளிக்கொண்டு போகிறார்கள். இதற்கு யாரோடு பேசித் தீர்த்துக்கொள்வது?

மன்றத்திற்கு அதிகாரமில்லை என்று சொல்வதற்கில்லை. போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை விட்டுச் செல்வது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அது போலீசாரின் வேலை என்று நீங்கள் ஒதுங்கினாலும், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பொது இடத்தில் தடையாகக் கிடப்பதை அகற்றும் அதிகாரத்தை ஊராட்சி மன்றத்திற்கே தருகிறது. தன் வீட்டின் முன் போக்குவரத்துக் கோனும் பூந்தொட்டியும் வைத்துப் பொதுச் சாலையைத் தனதாக்கிக்கொள்பவருக்கும் இதே பிரிவு பொருந்தும். அவர்களில் சிலர் இம்மடலில் கையொப்பமிட்டிருப்பதும் எங்களுக்குத் தெரியாமலில்லை. கட்டணம் வசூலிக்கும் கடைத்தெருவில் அரைமணி பிந்தினாலும் சம்மன் எழுதும் உங்கள் அமலாக்க அதிகாரிகளின் மோட்டார் சைக்கிள், கட்டணமில்லாத எங்கள் சாலைப்பக்கம் திரும்புவதேயில்லை.

மாரியம்மன் கோயில் திருவிழாவன்று எங்கள் தெருக்களில் தேர் வருகிறது. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன தெரு என்று கோயில் நிர்வாகம் ஒரு தாளில் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுக்கிறது. மாலைக்குள் ஒரு வண்டி மிச்சமில்லாமல் திடலுக்குப் போய்விடுகிறது. அவ்வளவு அகலத் தேர் தடையின்றிப் போகும் தெருவில், வாரந்தோறும் குப்பை லோரி பாதி வழியில் திரும்பிவிடுகிறது. எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று தெளிவாகச் சொல்லி, மாற்றிடமும் காட்டினால் மக்கள் கேட்பார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மன்றம் இன்றுவரை இரண்டையும் செய்யவில்லை.

ஆகவே, வளைவுகளிலும் நீர்க்குழாய்களின் முன்பும் மஞ்சள் கோடு போடுங்கள். கைவிடப்பட்ட கார்களில் அறிவிப்பு ஒட்டி, உரிமையாளரை சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் கண்டறிந்து, கெடு முடிந்ததும் இழுத்துச் செல்லுங்கள். இரவில் காலியாகக் கிடக்கும் சந்தைத் திடலை லோரிகளுக்குத் திறந்துவிட்டு, ஒரு விளக்கும் போடுங்கள். வண்டியின் பேட்டரி களவுபோகும் என்ற பயமில்லாவிட்டால் ஓட்டுநர்கள் அங்கேயே நிறுத்துவதாகச் சொல்கிறார்கள். சாலை ஓரமாகச் சாய்த்து நிறுத்தக் கட்டங்கள் வரையலாமா என்பதை உங்கள் பொறியாளர் நேரில் வந்து அளந்து பார்க்கட்டும். பகலில் வேண்டாம், எல்லோரும் வேலை விட்டு வந்த பின் இரவு ஒன்பது மணிக்கு மேல் வரட்டும்.

அவர் வரும் நாளை எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஆகஸ்டு இறுதிக்குள் நாங்கள் கட்ட வேண்டிய மதிப்பீட்டு வரிக்கான பில் எப்படியும் வீடுவீடாக வரும். அதனோடு சேர்த்து அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
தாமான் குடியிருப்பாளர்கள்