ஊற்றுக்கண்ணையும் கல்வெட்டுகளையும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஊர்ப் பொதுமக்கள், வளப்பூர் நாடு, கொல்லிமலை வட்டம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நாமக்கல்.
பொருள்: சுற்றுலாப் பணியில் ஊற்றுக்கண், கல்திட்டை, கல்வெட்டு சேதமாகாமல் காப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கி ஆகாயகங்கையில் குளித்துத் திரும்புவது வழக்கம். இப்போது ஊருக்குள் இருக்கிற ஊற்றையும், கற்களை நட்டு மேலே பலகைக்கல் மூடிய பழங்கால ஈமச்சின்னமான கல்திட்டையையும் பார்க்கவும் ஆள் வருகிறது. வரட்டும், பலாவும் மிளகும் விற்கும். ஆனால் ஊற்றின் கண்மேலேயே சிமெண்டுத் தொட்டி கட்டும் யோசனை இருப்பதாக அறிகிறோம். அதை நிறுத்தி வைக்க வேண்டுகிறோம்.

காரணம் இதுதான். இது சார்னோக்கைட் என்ற கடினமான பாறையால் ஆன மலை. மழைநீர் மேல்மண்ணில் இறங்கி, பாறையில் முட்டி, வெடிப்பு வழியாகச் சரிவில் கசிகிறது. தொட்டி நீர்மட்டம் கண்ணைவிட உயர்ந்தால் தண்ணீர் பின்னுக்குத் தள்ளப்பட்டு வேறு வெடிப்பைத் தேடிக்கொள்ளும். அப்புறம் தொட்டியை இடித்தாலும் பழைய கண்ணுக்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. கண்ணைப் பெரிதாக்கக் கடப்பாரை போட்டாலும், பக்கத்தில் ஜேசிபி ஓடினாலும் இதே கதிதான்.

சேற்றைக் கையால் அள்ளி, கண்ணுக்கு முன்னால் சாந்து பூசாத கருங்கல் வரிசை வைத்து, இடையில் கழுவிய ஜல்லி போட்டால் போதும். வெளிக்குழாயும் வழிந்தோடும் குழாயும் கண்ணுக்கு அரை அடி கீழே இருக்க வேண்டும். அடியில் சேறு கழியும் குழாய், மேலே பூட்டும் மூடி, மேல்சரிவில் மழைத் தண்ணீரைத் திருப்ப ஒரு வாய்க்கால். குளிக்கிற இடமும் கழிப்பறையும் கண்டிப்பாகக் கீழ்ப்புறம்தான். ஆழ்துளைக் கிணறு மேல்சரிவில் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு முன்னும் பின்னும், மழையில்லாத பங்குனியில், 20 லிட்டர் குடம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், நாளுக்கு 43,200 லிட்டர். எத்தனை வேனை ஊருக்குள் விடலாம் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். ஆடி 17, 18 வல்வில் ஓரி விழாக் கூட்டத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

கல்வெட்டுக் கல்லில் சுண்ணாம்போ எனாமல் பெயிண்டோ அடிக்கக் கூடாது. மணல் பீய்ச்சிக் கழுவினால் அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும் போதும். முதலில் தொல்லியல் துறையைக் கொண்டு மைப்படி எடுக்க வேண்டும். ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டித் தட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கியதும் மை ஒற்றுவார்கள். கல்திட்டையின் மூடுகல்மேல் ஏறி நின்று படம் பிடிப்பதுதான் பெரிய ஆபத்து: தாங்குகல் ஒன்று சாய்ந்தால் மொத்தமும் சரியும். 10 அடி தள்ளி மரக்கம்பு வேலி போட்டால் நல்லது. கம்பி வேலிக்குக் குழி தோண்ட வேண்டாம், மண்ணுக்குள் என்ன இருக்கிறதோ.

1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொல்லியல் சட்டத்தின் கீழ் இவ்விடத்தைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கவும், ஐப்பசி மழைக்கு முன் நேரில் பார்வையிடவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்