அக்கவுண்டிங் எரர் வந்தா வாக்ஸ் மெஷினை இரும்புக்கு போட்ராதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல டெக் கம்பெனியோட பழைய வாக்ஸ் கம்ப்யூட்டர் ஒண்ணு, அதோட ஆபரேட்டிங் சிஸ்டமான விஎம்எஸ் பூட் ஆகும்போது அக்கவுண்டிங் ஃபைல்ல எழுத முடியலன்னு வரிசையா மெசேஜ் போடுதாம், இனி இது தேறாதுன்னு பக்கில, அதான் சின்ன லோடு வண்டில ஏத்தி ஸ்க்ராப் யார்டுக்கு அனுப்ப போறாங்கன்னு கேள்விப்பட்டேன், மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

அக்கவுண்டிங் ஓடலன்னாலும் விஎம்எஸ் ஓடும் ஐயா. யாரு எப்ப லாகின் பண்ணாங்க, எவ்வளவு சிபியு டைம் போச்சு, எத்தனை பக்கம் பிரிண்ட் ஆச்சுன்னு விஎம்எஸ்ஸுக்குள்ள வேலைகளை கவனிக்கிற ஜாப் கன்ட்ரோலர்ங்கிற புரோகிராம் எழுதி வைக்கிற பதிவு அது, அவ்வளவுதான். வேணாம்னா செட் அக்கவுண்டிங் ஸ்லாஷ் டிஸேபிள்னு கமாண்ட் போட்டா மெசேஜ் நிக்கும். ஆனா காரணத்தை பாக்காம வாயை மட்டும் அடைக்கறது எனக்கு சரியா படல.

நம்ம ஊர்ல முதல் சந்தேகம் லோட் ஷெடிங், அதான் முறை வச்சு பண்ற கரண்ட் கட் மேலதான் வரணும். 2008லயும், அப்புறம் 2022, 2023லயும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். கரண்ட் பட்டுன்னு போனா, டிஸ்க்ல காலியா இருக்குன்னு விஎம்எஸ் முன்கூட்டியே ஒதுக்கி மெமரில குறிச்சு வச்சிருந்த இடமெல்லாம் டிஸ்க் கணக்குக்கு திரும்பாது, நிரம்பாத டிஸ்க் நிரம்பின மாதிரி காட்டும், ஃபைல் வளர இடம் இருக்காது. மத்த டிஸ்க்கெல்லாம் மவுண்ட் பண்ணும்போது, அதாவது சிஸ்டத்தோட இணைக்கும்போது, இந்த கணக்கு தானா ரீபில்ட் ஆகிடும், விஎம்எஸ் பூட் ஆகிற சிஸ்டம் டிஸ்க்குக்கு மட்டும் தனியா ஒரு சிஸ்ஜென் பாராமீட்டர், அதாவது சிஸ்டம் செட்டிங், இருக்கு, பூட் சீக்கிரம் முடியட்டும்னு அதை ஸீரோல வச்சிருப்பாங்க, அங்கதான் மாட்டிக்கறது. செட் வால்யூம் ஸ்லாஷ் ரீபில்ட் போட்டாலே போன இடம் திரும்ப வந்துடும்.

அப்புறமும் எரர் வந்தா லாஜிக்கல் நேமை, அதாவது அந்த ஃபைல் எங்க இருக்குன்னு விஎம்எஸ்ஸுக்கு காட்டற மாற்று பேரை, பாருங்க. அக்கவுண்டிங் ஃபைலை வேற டிஸ்க்குக்கு மாத்தியிருந்தா அந்த லாஜிக்கலை பூட் ஆகும்போது முன்னாடியே ஓடற சிலாஜிக்கல்ஸ் டாட் காம்ங்கிற கமாண்ட் ஃபைல்லயே போட்டு டிஸ்க்கையும் அங்கயே மவுண்ட் பண்ணணும், பின்னாடி ஓடற சிஸ்டார்ட்டப் ஃபைல்ல போட்டா ஜாப் கன்ட்ரோலர் அதுக்குள்ள முந்திக்கும். ஸ்பெல்லிங்லயும் கவனம், அந்த லாஜிக்கல் பேர் ACCOUNTNG, அதுல இங்கிலீஷ் ஐ எழுத்து கிடையாது, ஃபைல் பேர் ஒம்பது எழுத்துக்கு மேல போகாத காலத்துல வச்ச பேர், ஐ சேர்த்து அடிச்சா சிஸ்டம் கண்டுக்காது.

பழைய ஃபைலை மட்டும் தயவுசெஞ்சு டெலீட் பண்ணாதீங்க. செட் அக்கவுண்டிங் ஸ்லாஷ் நியூ ஃபைல் போட்டா புது வெர்ஷன் திறக்கும், பழசு அப்படியே இருக்கும். 1983 நவம்பர்ல இந்த நாடு வழியா கள்ளத்தனமா போன வாக்ஸ் 11/782 ஒண்ணை சோவியத் போய் சேரறதுக்குள்ள ஹாம்பர்க்லயும் ஸ்வீடன்ல ஹெல்சிங்போர்க்லயும் மடக்கி பிடிச்சாங்க. அந்த காலத்துல இங்க வாக்ஸை யாரு எதுக்கு ஓட்டினாங்கன்னு நாள், மணியோட சொல்றது இந்த ஃபைலுங்கதான், இரும்பு கடைக்காரருக்கு அது தெரியாது.

அதனால மெஷினை வித்தே ஆகணும்னாலும், டிஸ்க்கை கழட்டறதுக்கு முன்னாடி பேக்கப் ஸ்லாஷ் இமேஜ் கமாண்ட்ல முழு டிஸ்க்கோட நகல் ஒண்ணு எடுத்து வச்சிடுங்க, பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற சிம்ஹெச் எமுலேட்டர் புரோகிராமை போட்டு, அதுல ரீஸ்டோர் பண்ணா லேப்டாப்லயே பூட் பண்ணிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்